நட்சத்திரக் குறி போட்ட இளவரசி

எனக்குப் பெயர் வைத்தது ஒரு வாரப் பத்திரிகை. சிரிக்காதீர்கள். அம்மா என்னைச் சுமந்துகொண்டிருந்த மாதங்களில் அதில் ஒரு சரித்திரத் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. சோழ நாட்டுச் சிற்றரசன் ஒருவன் போருக்குப் போன நேரம், அவன் மகள் நாற்பது நாள் கோட்டைக் கதவைத் திறக்காமல் எதிரியை வெளியே நிறுத்தி வைப்பாள். அவள் பெயர்தான் என் பெயர். அப்பா வீட்டில் குலசாமி பெயரை வைக்கச் சொல்லித் திருச்சியிலிருந்து கடிதம் போட்டார்கள். "சாமி கோவிச்சுக்காது. இவ நெசமா வாழ்ந்த மகராசி" என்று அம்மா பதில் எழுத வைத்தாள். நெசமா வாழ்ந்தவளாம். அந்தப் பேச்சை நம்பி நான் பட்டது கொஞ்சநஞ்சமில்லை.

அப்பாவுக்குப் பூனாவில் வேலை. கிர்க்கியில் பட்டாளத்துக்குத் தோட்டா செய்யும் பேக்டரி. குவார்ட்டர்ஸ் வரிசையில் பாதி வீடு நம்ம ஆட்கள்தான். பத்திரிகை ரயிலேறி பஜார் பேப்பர் கடைக்கு வந்து சேர மூன்று நாள் ஆகும், சில வாரம் வரவே வராது. அம்மா தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து, சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, அப்பாவின் பழைய காக்கிச் சட்டைத் துணியில் அட்டை போட்டு வைப்பாள். வராத வாரத்துக் கதையை அவளே சொல்லிவிடுவாள். "இந்த எடத்துல என்ன நடந்திருக்கும்னா..." என்று ஆரம்பித்தால் அடுப்பில் பருப்பு அடிபிடிக்கும் வரை நடந்துகொண்டிருக்கும். எழுதினவர் சொன்னது எது, அம்மா சொன்னது எது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் மராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ். தமிழ் எழுத்து எனக்கு வந்தது அந்தக் காக்கி அட்டைப் புத்தகங்களிலிருந்துதான். அப்போது எங்கள் வரிசையில் வேறு எந்தப் பிள்ளைக்கும் தமிழ் படிக்க வராது. ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள். நானும் பெரிய புலவர் மாதிரி வாசித்துக் காட்டுவேன். ஒரு லீவில் திருச்சியில் நடந்த கல்யாணத்துக்குப் போனபோது மாமாவைப் பார்த்து, "தாங்கள் எப்போது வந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். கல்யாண மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. "அரண்மனையிலேருந்து நேரா வர்றியாடி?" என்றாள் அத்தை. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

அந்தத் தொடர்கதையில் ஒரு வழக்கம் இருந்தது. ஏதாவது முக்கியமான இடம் வந்தால் வரியின் முடிவில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். பக்கத்தின் அடியில் அதே குறி போட்டு, பொடி எழுத்தில், இன்ன கல்வெட்டுத் தொகுதி, இன்ன எண், இன்ன பக்கம். இளவரசி கதவைச் சாத்துகிற இடத்திலும் ஒரு நட்சத்திரம் உண்டு. அம்மா அந்தப் பொடி எழுத்தை மட்டும் குரலை மாற்றி, ரேடியோ செய்தி மாதிரி வாசிப்பாள். "கீழ நம்பரே போட்டிருக்கான் பாரு. நம்பர் போட்டுப் பொய் சொல்லுவானா?" என்பாள். நான் ஒரு நோட்டில் எல்லா நம்பரையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

கல்லூரியில் சரித்திரம் எடுத்தேன். முதல் வகுப்பில் பாஸ். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பழைய ஊருக்குள் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த உதவியாளர் ஒருவர் வேண்டும் என்று கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். எனக்காகவே ஒட்டின மாதிரி இருந்தது. எனக்கு வேறு ஆசையே கிடையாது. பழைய ஏடு, பழைய கல், பழைய எழுத்து, அதற்கு நடுவில் உட்கார ஒரு நாற்காலி, அவ்வளவுதான். விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரையும் கேட்டிருந்தார்கள். என் இளவரசியைப் பற்றி இருபது பக்கம் எழுதி டைப் அடித்தேன். பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு. அத்தனையும் என் நோட்டிலிருந்து எடுத்த நம்பர்கள். கதையைப் படித்துத்தான் எழுதினேன் என்று எங்கேயும் சொல்லவில்லை. மறைக்கிற எண்ணம் இல்லை. நம்பர்தான் ஆதாரம், கதை அங்கே கொண்டுபோய் விடுகிற ரிக்‌ஷா என்று நினைத்திருந்தேன். மூலத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாமே என்று தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நேர்முகத்துக்குப் போன அன்று அம்மா அவளுடைய பட்டுப்புடவையை எனக்குக் கட்டிவிட்டாள். உள்ளே ஒரே ஒரு ஆள். அறுபது வயது இருக்கும், மராத்திக்காரப் புரொபசர், சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு. என் கட்டுரை அவர் முன்னால் இருந்தது. ஓரமெல்லாம் பென்சில் கோடு.

"உட்காரு பாள்" என்றார். பிள்ளைகளை மராத்தியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நன்றாக எழுதுகிறாய். இந்த இளவரசியை எங்கே பிடித்தாய்?"

"கல்வெட்டில் சார்" என்றேன். நம்பரையும் மனப்பாடமாக ஒப்பித்தேன்.

அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துவந்தார். அந்த எண்ணைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். "படி."

படித்தேன். எழுத்து தமிழ்தான். யாரோ ஒரு வியாபாரியின் பெண்டாட்டி, கோயிலில் ஒரு நந்தாவிளக்கு அணையாமல் எரிவதற்கு ஆடு கொடுத்திருக்கிறாள். கோட்டை இல்லை. கதவு இல்லை. நாற்பது நாள் இல்லை. முன்பக்கம், பின்பக்கம் புரட்டினேன். அடுத்த நம்பரைக் கேட்டேன். அதையும் எடுத்துக் கொடுத்தார். அது ஒரு நிலத்துக்கு எல்லை சொல்லும் கல்வெட்டு. மூன்றாவதில் சிற்றரசன் பெயர் இருந்தது. அவனுக்கு மகள் உண்டு என்று ஒரு எழுத்தும் இல்லை.

அவர் என் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இது உன் பெயரும் அல்லவா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிறகு அவர் அந்த ஆட்டுக் கல்வெட்டைத் தன் மராத்தி நாக்கால் தட்டுத்தடுமாறித் தமிழில் வாசித்தார். 'சாவா மூவாப் பேராடு தொண்ணூறு.' சாகாத, கிழடாகாத ஆடுகள். ஒன்று செத்தால் ஒரு குட்டி அந்த இடத்துக்கு வரும், கணக்கில் எப்போதும் தொண்ணூறு இருக்கும், அதனால்தான் அப்படி எழுதினார்கள் என்று ஒரு மராத்திக்காரர் எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தார். "உன் இளவரசியைவிட இந்தப் பெண்மணி எனக்குப் பிடிக்கும். இவள் இருந்தாள்" என்றார். அன்றைக்கு எனக்கு ஆடும் வேண்டாம், வியாபாரி பெண்டாட்டியும் வேண்டாம். பூமி பிளந்து உள்ளே போனால் போதும் என்று இருந்தேன்.

ஆனால் அவர் என்னை விரட்டவில்லை. இதை நான் தெளிவாக எழுதியாக வேண்டும். வாசகசாலைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். "ஆறு மாதம் இங்கே வந்து மூலத்தைப் படி. அதுவரை வேறு யாரையும் எடுக்கமாட்டேன். எனக்குத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும், நீ உழைப்பாய் என்று தெரிகிறது" என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

நான் திரும்பிப் போகவே இல்லை.

ஏன் என்று கேட்டால் பதில் கேவலமானது. வீட்டில் அம்மா கேசரி கிளறி வைத்திருந்தாள். புடவையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து அழுதேன். "என்னடி ஆச்சு? என்ன சொன்னான்?" என்று அம்மா பதறினாள். உன் இளவரசி பிறக்கவே இல்லை, எனக்கு நீ வைத்த பெயர் ஒரு ஆள் பேனாவிலிருந்து ஒழுகினது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? "அவரு நம்ம ஆளுங்களை மதிக்கலம்மா" என்றேன். ஒரே ஒரு வாக்கியம். அம்மா முகம் சிவந்தது. அழுகை நின்றது எனக்கு. அடச்சீ, எவ்வளவு சுலபமாக இருந்தது!

அந்த வாக்கியத்தை அம்மா வளர்த்தாள் பாருங்கள், அது தொழில் தெரிந்தவள் கை. பிள்ளையார் கோயிலில் ஒருத்தியிடம் சொன்னபோது, "உங்க ராஜாக்களுக்கு ஏது சரித்திரம்னு கேட்டானாம்" என்று இருந்தது. பொங்கலுக்குள் அவர் கட்டுரையைத் தூக்கி எறிந்துவிட்டார். அடுத்த வருஷம் தடித்த புத்தகத்தையே தூக்கி எறிந்தார். "மராட்டிக்காரனுக்குப் பொறாமை. நம்ம பொண்ணு ஒருத்தி கோட்டையைக் காத்தாள்னா அவனுக்கு வயிறு எரியாதா?" என்பாள். நான் பக்கத்திலேயே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. அக்கம்பக்கத்தார் என்னைப் பாவம் பார்த்தது எனக்கு இதமாகத்தான் இருந்தது.

கல்யாணம் ஆயிற்று. வீட்டுக்காரருக்கு ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை, வானவடியில் வீடு. நான் விமான் நகரில் ஒரு விமான டிக்கெட் ஆபீசில் போன் எடுக்கும் வேலைக்குப் போனேன். ஆறு மாதத்தில் மூலத்தைப் படித்து முடித்திருக்க வேண்டிய நான், டெல்லிக்கு ஜன்னல் சீட்டு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெண் இருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். அம்மாவின் காக்கி அட்டைப் புத்தகங்களைக் கேட்டு வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தவள். என்னைப் பார்த்துத்தான் சரித்திரம் எடுத்தாள். டிகிரி முடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது ஓடிவந்தாள். அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் இன்னும் தமிழுக்கு ஆள் இல்லையாம், அவள் டீச்சர் போய்க் கேட்கச் சொன்னாராம்.

"அங்கயா? அங்க போயிடாதடி கண்ணு" என்றாள் அம்மா. "இவளை என்ன பாடு படுத்தினான் தெரியும்ல? புஸ்தகத்தாலயே அடிக்க வந்தான். உங்கப்பா கேட்டா அனுப்புவாரா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "நெசமாவாக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் குனிந்தேன். அந்த வருஷமே அவள் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்ந்தாள். ஏதோ ஒரு கம்பெனியில் யாருடைய விலாசங்களையோ நாளெல்லாம் தட்டெழுதும் வேலை கிடைத்தது.

இந்த வியாதி நமக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு என் ஆபீஸ் பஸ்ஸில் ஒரு மராத்திப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். தலையணை தண்டிக்கு ஒரு சரித்திர நாவலைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ராஜா சாகும்போது பெண்டாட்டியிடம் தனியறையில் என்ன சொன்னார் என்று எனக்கு வரி வரியாகச் சொன்னாள். "தனியறையில் சொன்னது எழுதினவருக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டுவிட்டேன். சும்மா கேட்டதுதான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஒரு வாரம் என்னோடு யாரும் டப்பா பகிர்ந்து சாப்பிடவில்லை. இவளிடம் கேட்கத் தைரியம் இருந்த எனக்கு அம்மாவிடம் பேச வாய் வரவில்லையே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்கு ஒன்றிரண்டு வருஷம் கழித்து அந்தத் தொடர்கதையை எழுதியவரே பூனாவுக்கு வந்தார். தமிழ்ச் சங்கம் ஒன்றில் பாராட்டு விழா. எண்பதைத் தாண்டிய மனிதர், வெள்ளை வேட்டி, கணீரென்ற குரல். அம்மா முதல் வரிசையில் மடியில் காக்கி அட்டைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். கேள்வி கேட்கலாம் என்றதும் நான் எழுந்தேன். என் பெயரைச் சொன்னேன். கூட்டம் கைதட்டியது. கதவு சாத்துகிற இடத்து நட்சத்திரக் குறியையும் அந்தக் கல்வெட்டு எண்ணையும் சொல்லி, "அதில் அப்படி ஒரு பெண் இல்லையே ஐயா?" என்று கேட்டேன்.

அவருக்குக் கோபமே வரவில்லை. சந்தோஷமாகச் சிரித்தார். "அடேயப்பா, நம்பரைப் போய் யாரும்மா பாக்கச் சொன்னது? வாராவாரம் கடுதாசி வரும், இது நெசமா நெசமான்னு. கீழ நாலு நம்பர் போட்டுடுங்க, சந்தேகம் தீர்ந்துடும்னார் பத்திரிகை ஆசிரியர். கையில கெடச்ச தொகுதியிலேருந்து போட்டேன். அப்பங்காரன் இருந்தான். பொண்ணு என் கற்பனை." கூட்டம் சிரித்தது. அவர் கையை உயர்த்தி, "ஆனா ஒண்ணு. எத்தனை வீட்டுல அவ பேரை வெச்சிருக்காங்க! இதோ நீயே நிக்கிற. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" என்றார். இடி விழுந்த மாதிரி கைதட்டல். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துத் தட்டினார்கள். எனக்கு அந்த ஆளின் மைக்கைப் பிடுங்கி உடைக்க வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

விழா முடிந்து ரிக்‌ஷாவில் கிர்க்கிக்குப் போனோம். அம்மா நிம்மதியாக இருந்தாள். "பாவம், வயசாயிடுச்சு மனுசனுக்கு" என்றாள். "தான் எழுதினதே மறந்துபோச்சு. அவ இல்லாமலா எழுதியிருப்பாரு?"

எழுதினவனே இல்லை என்று சொல்லியும் இப்படி. எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அவ இல்ல. அந்தப் புரொபசரும் என்னை ஒண்ணும் சொல்லல. நான்தான் உன்கிட்ட பொய் சொன்னேன். அவரு தங்கமான மனுசன். ஆறு மாசம் வந்து படின்னாரு, எடத்தைக் காலியா வெச்சிருக்கேன்னாரு. நான்தான் போகல" என்றேன். ரிக்‌ஷா சத்தத்தில் கேட்காதோ என்று இரண்டாவது தடவையும் சொன்னேன்.

அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்தாள். "உனக்கு எப்பவுமே எளகின மனசு. அந்தப் பாவிக்குப் போய்ப் பரிஞ்சு பேசுற. புஸ்தகத்தை எறிஞ்சான்னு நீதானடி சொன்ன, அழுதுகிட்டே. நீ மறந்துட்ட. எனக்கு அப்படியே கண்ணுல நிக்குது."

மறுநாள் ஆபீசிலிருந்து அந்த ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போன் போட்டேன். அவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறதாம். கடைசி வரை தமிழுக்கு ஆள் கிடைக்கவில்லையாம். போனை வைத்துவிட்டு அடுத்த லைனில் காத்திருந்த ஆளுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தேன்.

என்னைப் பார்த்துச் சரித்திரம் எடுத்த அந்தப் பெண் கல்யாணமாகி கோந்த்வாவில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனேன். பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகள், உள்ளே டிவியில் கார்ட்டூன். "வாங்கக்கா, அதிசயமா இருக்கு" என்று சிரித்தாள். உட்காரக்கூட இல்லை நான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, நம்பர், ஆடு, அவர் எழுதிக் கொடுத்த சீட்டு, அம்மாவிடம் சொன்ன ஒரு வாக்கியம், அன்றைக்கு அவள் கேட்டபோது நான் தலை குனிந்தது. அம்மா மாதிரி இவளும் நம்பமாட்டாள், சிரித்துவிட்டு டீ போடப் போவாள் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை எனக்கு.

அவள் உடனே நம்பினாள். கையிலிருந்த ஈரத் துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப நான் போயிருக்கலாமாக்கா?" என்று கேட்டாள்.